புது ஓட்டலில் உட்காருவதற்கு முன் எச்சில் இலையைப் பாருங்கள்

சம்பந்தியம்மா இலையை மடித்தபோது நடுவில் மேடு தட்டியிருந்தது. வெறும் இலையை மடித்தால் தட்டையாக விழும். 17 வருடம் மெஸ் நடத்திய எனக்கு இது தெரியாதா? உள்ளே வஞ்சிரம் துண்டு இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கிள்ளியிருந்தார். "எப்படி இருந்துச்சு சம்பந்தி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார்.

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தண்டையார்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறந்த மீன் சாப்பாட்டு ஓட்டல். பெயர் வேண்டாம். போனில் எதைத் திறந்தாலும் அந்தக் கடை வீடியோதான் வந்துகொண்டிருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு மருமகள் வீட்டாரை ஒரு வேளை வெளியில் அழைத்துப் போகவில்லையே என்று எனக்கு ஒரு குறை. இடம் சொன்னது நான். டோக்கன் வாங்கி 55 நிமிடம் நின்றோம். ஆறு பேருக்கு 4,741 ரூபாய் பில் வந்தது. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு நாளைக்கு 80 சாப்பாடு போட்டவள் நான். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால்தான் மெஸ்ஸை மூடினேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எனக்கு நடக்கிற தூரம். இவ்வளவு இருந்தும் ஏமாந்தேன் என்றால், எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதை எல்லாம் அன்று மறந்துபோனேன் என்றுதான் அர்த்தம். மறந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை கொஞ்சம் முன்னே பின்னே போகும்.

முதல் தப்பு காலண்டரில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டை வைத்துப் பெருகும் காலம் என்பதால் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். அந்த நாட்களில் காசிமேட்டுக்கு வருவதெல்லாம் ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் கரையை ஒட்டிப் பிடித்தது: நெத்திலி, சங்கரா, கிழங்கான், காரப்பொடி, கொஞ்சம் இறால். பெரிய வஞ்சிரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலை எட்டாது. அப்படியிருக்க ஒரு ஓட்டலில் மே மாத ஞாயிறன்று நூறு பேருக்குத் தட்டு தட்டாக வஞ்சிரம் போகிறது என்றால் அது எங்கிருந்து வந்திருக்கும்? ஒன்று, மேற்குக் கரையிலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வந்திருக்கும். அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். இல்லையென்றால் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் படுத்திருந்ததாக இருக்கும். இரண்டும் குற்றமில்லை. ஆனால் 420 ரூபாய் கொடுத்து "இன்னிக்குக் காலையில வந்தது" என்ற பேச்சை நம்பிச் சாப்பிடுவது முட்டாள்தனம். நாங்கள் நான்கு தட்டு சொன்னோம்.

ஆகவே மீன் ஓட்டலுக்குப் போவதானால் முதலில் மாதத்தைப் பாருங்கள். தடைக்காலத்தில் சின்ன மீன் கேளுங்கள். தடை முடிந்த மறுநாளே ஓடாதீர்கள், விசைப்படகு போய்த் திரும்பச் சில நாள் ஆகும். புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது, ஓட்டல் காலியாக இருக்கும், சர்வர் முகம் கொடுத்துப் பேசுவார். ஆனால் வியாபாரம் மந்தமென்றால் வாங்கிய மீன் பெட்டியிலேயே கிடக்கும். அதையும் நினைவில் வையுங்கள். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு மட்டும் எந்தக் கறிக்கடைக்கும், மீன் ஓட்டலுக்கும் போகவே வேண்டாம். அன்றைக்கு காசிமேட்டில் கால் வைக்க இடமிருக்காது, ஓட்டலில் கை வைக்க இடமிருக்காது.

நாள், நேரம். ஞாயிறு மதியம் 1 மணி முதல் 2.30 வரை எந்தப் புது ஓட்டலையும் சோதித்துப் பார்க்காதீர்கள். புதுக் கடையின் சமையலறை என்பது இன்னும் ஒருவர் கை ஒருவருக்குப் பழகாத இடம். மாஸ்டர் ஒரு ஊர், உதவியாள் ஒரு ஊர், எடுத்துக் கொடுப்பவர் இன்னொரு ஊர். புதன்கிழமை 40 பேருக்கு ஒழுங்காகச் செய்யும் கை, ஞாயிறன்று 300 பேர் வந்தால் தடுமாறத்தான் செய்யும். என் மெஸ்ஸிலேயே முதல் ஆறு மாதம் 30 சாப்பாட்டுக்கு மேல் நான் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வாசலில் ஸ்விக்கி, ஜொமாட்டோ சட்டை போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பேர் நின்றால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத பத்து மேஜை உங்களுக்கு முன்னால் காத்திருக்கிறது. வாரநாளில் 12.15-க்கு உட்காருங்கள். வடசென்னையில் வண்டி நிறுத்தும் தொல்லையைச் சொல்லவே வேண்டாம், டி.எச். ரோட்டில் ஐந்து நிமிடம் ஓரங்கட்டினாலே நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நான் வண்டியே எடுப்பதில்லை. தண்டையார்பேட்டையிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ இறங்கி நடந்தால் பசியும் எடுக்கும்.

போனில் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. கடைக்காரர் போட்ட படத்தைப் பார்க்காதீர்கள், சாப்பிட்டவர் போட்ட படத்தைப் பாருங்கள். அதிலும் கடைசி இரண்டு வாரத்துப் படம். இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் விவரமாக எழுதுவார்கள். ஐந்து கொடுத்தவர் "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், ஒன்று கொடுத்தவர் திட்டிவிட்டுப் போய்விடுவார்.

காத்திருக்கும் நேரம்

இனி, தலைப்பில் சொன்ன விஷயம்.

மெஸ் நடத்திய காலத்தில் மதியம் இரண்டரைக்குக் கடைசிப் பந்தி முடிந்ததும் நான் முதலில் போவது எச்சில் இலைக் கூடைக்குத்தான். ஒரு தடவை சுரைக்காய்க் கூட்டு எல்லா இலையிலும் அப்படியே திரும்பி வந்திருந்தது. உப்பு சரி, காரம் சரி. பருப்பு லேசாக அடிப்பிடித்த வாடை அடுப்படியிலேயே நின்ற என் மூக்குக்குத் தெரியவில்லை. சாப்பிட்ட 80 பேரில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை; மாதப் பணம் கட்டிய பையன்கள், அம்மா மாதிரி சோறு போடுகிறாள் என்று மரியாதை வேறு. கூடைதான் காட்டிக்கொடுத்தது.

ஓட்டலில் டோக்கனோடு நிற்கும்போது நாம் போனைப் பார்க்கிறோம், இல்லையென்றால் அடுத்தவர் இலையில் பரிமாறுவதைப் பார்க்கிறோம். பரிமாறும்போது எல்லாமே அழகு. மேஜை துடைக்கும் பிள்ளை பிளாஸ்டிக் டப் எடுத்துக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவார் இல்லையா, அதைப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். ஐந்தாறு மேஜை போதும். மீன் முள் சுத்தமாக நக்கியது போல் கிடந்தால் அந்த மீனைச் சொல்லலாம். மேலே இருக்கிற மசாலாத் தோடு மட்டும் கழன்று, வெள்ளைச் சதை பாதி அப்படியே இருந்தால் வேண்டாம். பாயசக் கிண்ணம் நிறைந்தே திரும்பினால் பாயசத்துக்கு வயிற்றில் இடம் வைக்க வேண்டாம். ஒரே பொரியல் எல்லா இலையிலும் ஓரமாக ஒதுங்கியிருந்தால் காரணம் கேட்கவே வேண்டியதில்லை. அன்றைக்கு நான் 55 நிமிடம் அந்த டப் போகும் வழியில்தான் நின்றேன். சம்பந்தியம்மாவோடு வளைகாப்புக்குப் புடவை எடுப்பது பற்றி எம்.சி. ரோடு கடை கடையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூக்கு. வாசலில் நிற்கும்போதே எண்ணெய்க் கமறல் தொண்டையில் பிடித்தால், காலையில் ஊற்றிய எண்ணெயே திரும்பத் திரும்பக் காய்கிறது என்று பொருள். ஏ.சி. ஹாலில் இது தெரியாது, வெளியே நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று, திரும்பிப் போகத் தெரிய வேண்டும். டோக்கன் வாங்கிவிட்டோமே என்று நிற்பதுதான் பாதிப் பேர் ஏமாறும் இடம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டாவது கடை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு பேராகப் போகும்போது எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டாவது கடை எப்போதும் செகண்ட் லைன் பீச் அத்தோதான். அறுபதுகளில் பர்மாவிலிருந்து வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. கண் முன்னாலேயே நூடுல்ஸையும் கோஸையும் வெங்காயத்தையும் புளித்தண்ணியும் பூண்டெண்ணெயும் விட்டுக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைப்பார்கள். சரியில்லை என்றால் பிசையும்போதே தெரிந்துவிடும், சொல்லித் திருத்தலாம். சம்பந்தியை நிற்க வைத்து அத்தோ சாப்பிடச் சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம். அன்றைக்கு அது எனக்குத் தோன்றியது, வாயில் வரவில்லை.

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

உட்கார்ந்ததும் மொத்தமாகச் சொல்லாதீர்கள். நாங்கள் ஆறு மீன் சாப்பாடு, நான்கு வஞ்சிரம், இரண்டு இறால் தொக்கு, ஒரு நண்டு மசாலா என்று ஒரே மூச்சில் சொன்னோம். மகன்தான் சொன்னான், மாமனார் முன்னால் கை தாராளமாக இருக்க வேண்டுமாம். ஆறு பேராக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு வறுவல் சொல்லுங்கள். பிய்த்து ஆளுக்கொரு வாய் பாருங்கள். நன்றாக இருந்தால் அடுத்த மூன்று. "முதல்ல ஒண்ணு குடுங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றோம்" என்றால் எந்த சர்வரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

சொன்னவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு விரல் கனமுள்ள வஞ்சிரம் துண்டு, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வேக எட்டு நிமிடமாவது வேண்டும். எங்களுக்கு நான்கு தட்டும் மூன்று நிமிடத்தில் வந்தன. அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். கூட்ட நாளில் நடப்பது இதுதான்: காலை பதினொரு மணிக்கே எல்லாத் துண்டையும் முக்கால் வேக்காடாகப் பொரித்துத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் கொதிக்கும் எண்ணெயில் ஒரு முக்கு. வெளியே மொறுமொறு, புகை பறக்கும், படம் எடுக்க நன்றாக இருக்கும். உள்ளே இருந்த ஈரம் இரண்டு தடவை எண்ணெய் பார்த்ததில் போயே போய்விடும்.

தொட்டுப் பார்த்தாலே தெரியும். அந்தத் துண்டை நான் விரலால் அமுக்கினேன். மசாலா தனியே ஓடு மாதிரி கழன்று வந்தது. கடலை மாவும் சோள மாவும் கலந்த கனமான ஓடு, விளிம்பில் கருகி லேசாகக் கசப்பு. அதன் அடியில் சதை பஞ்சு போல் வறண்டு, நார் நாராகப் பிய்ந்தது. நல்ல வஞ்சிரம் அப்படிப் பிய்யாது, நடு முள்ளைச் சுற்றி இதழ் இதழாகப் பிரியும், பிரியும் இடத்தில் ஈரம் மினுங்கும், மென்றால் கடைசியில் ஒரு இனிப்பு நிற்கும். எங்கள் துண்டில் நடு முள்ளை ஒட்டிய இடம் சுண்ணாம்பு போல் மாவாக இருந்தது. அது நாள்பட்ட மீனின் அடையாளம். மேலே எலுமிச்சையும் வெங்காயமும் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வெட்டிய துண்டு சொல்லாதீர்கள், முழு மீன் சொல்லுங்கள். சங்கரா, வவ்வால், கிழங்கான் எதுவானாலும் சரி. மசாலா தடவாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் மீனைக் காட்டச் சொல்லி, "இதையே போடுங்க" என்று கை காட்டுங்கள். கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். மசாலா பூசிய துண்டில் எது எவ்வளவு நாள் மீன் என்று நானே சொல்ல மாட்டேன். முள் இல்லாத மீன் என்று மெனுவில் எழுதியிருந்தால் பெரும்பாலும் பாசா என்கிற வளர்ப்பு மீன், அது குழந்தைகளுக்கு.

சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்தது போலச் சுறுசுறுவென்று அரித்தால், அது காரம் இல்லாத துண்டிலும் வந்தால், உடனே நிறுத்திவிடுங்கள். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் விட்டால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு பொரித்தாலும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். அந்தத் துண்டை மற்றவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

பிரியாணிக் கடையென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அடுத்த தம் எப்போ உடைப்பீங்க?" புது அண்டா திறந்த பத்து நிமிடத்தில் சாப்பிடுவதும், மூன்று மணிக்கு அதே அண்டாவின் அடியைச் சுரண்டிச் சாப்பிடுவதும் வேறு வேறு சாப்பாடு. மதியம் இரண்டு மணிக்குப் பாதி காலியான அண்டா தெரிந்தால் கால் மணி காத்திருங்கள். பஃபே வைத்திருக்கும் இடங்களில் மூடியைத் திறந்தால் ஆவி வர வேண்டும். சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது உணவுத் துறை விதி. கரண்டியை வெறும் கையால் தொட்டு ஆற அமரப் பரிமாற முடிகிறது, குழம்பில் ஏடு படிந்திருக்கிறது என்றால் அந்தப் பாத்திரத்தைத் தாண்டிப் போங்கள்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அன்று அந்த ஓட்டலின் மீன் குழம்பு அருமை. புளியும் மாங்காயும் சரியாக நின்று, மேலே நல்லெண்ணெய் பிரிந்திருந்தது. குழம்பு வைத்தவருக்குக் கை இருக்கிறது. வறுவலில் நின்றவருக்கு நேரம் இல்லை.

சரியில்லை என்றால்

இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாதீர்கள். முக்கால் துண்டைத் தின்றுவிட்டு "நல்லா இல்ல" என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் வேண்டியதில்லை. பரிமாறும் பிள்ளையிடம் சண்டை வேண்டாம். அன்று எங்களுக்கு வந்த பிள்ளை ஒடிசாக்காரர், மூன்று மாதத் தமிழ். "இது எப்போ பொரிச்சது தம்பி?" என்றேன். "இப்போ ஆன்ட்டி, இப்போ" என்றார். பாவம், வேறென்ன சொல்வார்? சர்வர்களுக்கு மேலே இருக்கும் கேப்டனைக் கூப்பிடச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். தட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, சதையைப் பிய்த்துக் காட்டி, குறையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "நல்லா இல்ல" என்பது அவரவர் நாக்கு. "ரெண்டு தடவை பொரிச்சிருக்கு, உள்ள காய்ஞ்சிருக்கு" என்பதை மறுக்க முடியாது. அடுத்து என்ன வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும்: "வேற துண்டு புதுசாப் போட்டுக் குடுங்க, பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்ல" அல்லது "வேணாம், எடுத்துட்டுப் போங்க, பில்லுல ஏத்தாதீங்க." இரண்டில் ஒன்று. இரண்டையும் கலந்து பேசினால் மன்னிப்பு மட்டும் கிடைக்கும்.

இத்தனையும் தெரிந்தும் நான் அன்று கேப்டனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்தி எதிரில் உட்கார்ந்து தட்டைத் திருப்பி அனுப்பினால் அவர்களுக்கு நாம் வாங்கிக் கொடுத்ததே மட்டம் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம். இப்படி விருந்தாளியோடு போகும்போது ஒரு வழி இருக்கிறது, பிறகுதான் தோன்றியது: கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய் கேப்டனிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம். மேஜைக்கு அவரே வந்து தட்டை மாற்றிக் கொடுப்பார். விருந்தாளிக்கு மரியாதை போலவும் இருக்கும்.

பில்

பில்லில் எனக்குப் பதிலாக மருமகள் பேசினாள். கணக்கு இப்படி இருந்தது: சாப்பாடு ஆறு, 1,440. வஞ்சிரம் நான்கு, 1,680. இறால் 640. நண்டு 380. தண்ணீர் பாட்டில் நான்கு, 160. ஆக 4,300. அதன் கீழே சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம், 215. அதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டு 4,741.

சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை, அரசுக்குப் போவதும் இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதனால் "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எடுக்க மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். மருமகள் அந்த எண்ணைச் சொன்னதுமே கேஷியர் வேறு பில் அடித்தார். 4,515 ஆனது. 226 ரூபாய் மிச்சம். அந்தப் பரிமாறிய பிள்ளை கையில் தனியாக நூறு ரூபாய் கொடுத்தோம், அதுதான் நேராக அவருக்குப் போய்ச் சேரும்.

ஜி.எஸ்.டி. சாதாரண ஓட்டலில் மொத்தம் 5 சதவீதம்தான், இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். வயிற்றுக்கு ஏதாவது ஆனால் இந்த எண்ணோடுதான் புகார் கொடுக்க வேண்டும், ஆகவே பில்லைக் கசக்கிப் போடாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.-க்கு மேல் வாங்கினார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் கொதித்தார். அதில் நமக்குப் பலம் குறைவு. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலில் எம்.ஆர்.பி.-க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் சாதாரணத் தண்ணீர் கேளுங்கள்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை அதே ஓட்டலுக்கு மறுபடி போனேன். வீட்டுக்காரர் மட்டும் கூட. "காசைக் கொண்டுபோய்க் கொட்டணுமா?" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. 12.20-க்கு உட்கார்ந்தோம், எங்களைத் தவிர மூன்று மேஜைதான். பெட்டியில் இருந்த சங்கரா ஒன்றைக் கை காட்டினேன். பதினொரு நிமிடம் ஆனது. அவர் வாலைக்கூட விடவில்லை. மறு சாதத்துக்கு அந்தக் குழம்பையே இரண்டு தடவை கேட்டு வாங்கினார். வெளியே வந்து, "போன தடவை நம்ம ஏன் இங்க சண்டை போட்டோம்?" என்று கேட்டார். சண்டை போட்டது மருமகள், அதுவும் பில்லுக்காக. மீனுக்காக யாரும் போடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சம்பந்தி வீட்டாரை வீட்டுக்கே கூப்பிட்டேன். விடியற்காலையில் காசிமேடு போய்ப் பேரம் பேசி எடுத்த வஞ்சிரம், வெறும் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் கல்லில் போட்டேன். சம்பந்தியம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார், இலை தட்டையாக மடிந்தது. பாத்திரம் ஒழிக்கும்போது அடுப்படியில் தனியாக இருந்தோம்.

"அன்னிக்கு ஓட்டல்ல மீனை இலைக்குள்ள வெச்சு மடிச்சீங்களே சம்பந்தி, பார்த்தேன்" என்றேன்.

அவர் கையில் இருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க உங்க துண்டைச் சோத்துக்குள்ள புதைச்சதை நானும்தான் பார்த்தேன்."